அணி மாறிய ஆட்டக்காரரை மதிப்பிடுவது எப்படி?

இலங்கைப் புகையிரதப் பாதையின் மிக உயர்ந்த நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், மூடுபனிக்குள்ளே அது நிற்கிறது. அங்கிருந்து அம்பேவெல, நானு ஓயா, தலவாக்கலை, ஹற்றன் என்று பாதை இறங்க இறங்க, இருமருங்கும் தேயிலை மலைகள் விரிகின்றன. இந்தியன் பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடைபெறும் காலத்தில், இத்தோட்டங்களிலே மாலை வேலை முடிந்து வந்த இளைஞர் சிலர் ஒரு கைத்தொலைபேசியைச் சூழ்ந்து அமர்ந்திருப்பதைக் காணலாம். ஆட்டத்தைப் பார்ப்பதோடு அவர்கள் நின்றுவிடுவதில்லை. தாமும் ஓர் அணியைத் தெரிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

இதற்குக் கற்பனை அணி விளையாட்டு என்று பெயர். மைதானத்தில் இறங்கப்போகும் இரண்டு அணிகளிலிருந்தும் தமக்குப் பிடித்த பதினொருவரை ஒருவர் பொறுக்கி எடுக்கிறார். அவ்வீரர்கள் உண்மையான ஆட்டத்தில் எடுக்கும் ஓட்டங்களுக்கும், வீழ்த்தும் விக்கெட்டுகளுக்கும், பிடிக்கும் பந்துகளுக்கும் புள்ளிகள் உண்டு. அப்புள்ளிகளின் கூட்டுத்தொகையே கற்பனை அணியின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. இதற்கொத்த விளையாட்டு ஒன்றுக்கு, 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரத்தவரான பில் விங்கன்பாக் என்பவரும் அவருடைய நண்பர்களும் தங்கள் நாட்டு உதைபந்தாட்டத்தை வைத்து விதிகள் வகுத்தார்கள். பின்னர் அது கிரிக்கெட்டுக்கும் வந்து சேர்ந்தது.

இவ்விளையாட்டில் ஒவ்வோர் ஆண்டும் எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. “நம் ஆள் போன வருஷம் அந்த அணியில் அள்ளிக் கொட்டினார். இப்பொழுது வேறு அணிக்குப் போய்விட்டார். இந்த வருஷமும் அவரைச் சேர்க்கலாமா?” என்பதே அது. அக்கேள்விக்கு விடை தேடும் வழியைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

இது வெறும் பொழுதுபோக்குத்தானே என்று தள்ளிவிடுவதற்கில்லை. சிலர் இதிலே பணம் கட்டுகிறார்கள். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் ஒன்றை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது என்பதே, இவ்வழியில் எத்தனை குடும்பங்களின் காசு கரைந்திருக்கும் என்பதை உணர்த்தும். மலையில் நாள் முழுவதும் நின்று உழைத்துப் பெற்ற ஒரு பேர், ஒரு தவறான ஊகத்தில் போய்விடக் கூடாதல்லவா?

நேயர்களே, தோட்டத்து மக்களுக்கு நன்கு தெரிந்த ஓர் உண்மையிலிருந்து தொடங்குவோம். விரைவாகக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். துளிர் செழித்த மலையில் அவளை நிறுத்தினால், மாலை நிறுவையில் அவளுடைய கூடையே முதலாவதாக நிற்கும். மறுநாள் அவளையே கவாத்து முடிந்து அப்போதுதான் துளிர்விடத் தொடங்கிய மலைக்கு அனுப்பினால், நிறை பாதியாகிவிடும். அவளுடைய விரல்கள் ஒரே இரவில் மந்தமாகிவிட்டனவா? இல்லை. விரல்கள் அவளோடு போயின. கொழுந்து பழைய மலையிலேயே நின்றுவிட்டது.

ஆட்டக்காரர் அணி மாறும்பொழுதும் நிகழ்வது இதுவே. திறமை அவரோடு செல்கிறது; வாய்ப்பு அவரோடு செல்வதில்லை. வாய்ப்பு என்பது புதிய அணி கொடுப்பது. கொடுத்தால் உண்டு, கொடாவிட்டால் இல்லை.

இதற்கு முத்தையா முரளிதரனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அவருடைய பாட்டனார் 1920ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர். பேரனோ டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தி, உலகில் வேறெவரும் எட்டாத இடத்தை எட்டியவர்.

2008 முதல் 2010 வரை மூன்று பருவங்கள் அவர் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு ஆடினார். 40 ஆட்டங்களில் 40 விக்கெட்டுகள், ஆட்டத்துக்கு ஒன்று. 2011இல் கொச்சி அணி அவரை 11 இலட்சம் டொலருக்கு ஏலத்தில் எடுத்தது. சென்னை அணி 2008இல் கொடுத்த விலையோ 6 இலட்சம் டொலர். விலை ஏறத்தாழ இரட்டித்தது. விக்கெட்டுகள்? ஐந்து ஆட்டங்கள், இரண்டே விக்கெட்டுகள். பெயரையும் விலையையும் பார்த்து அவரைத் தம் கற்பனை அணியில் சேர்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

அடுத்த ஆண்டு பெங்களூர் அணி அவரை 2 இலட்சத்து 20 ஆயிரம் டொலருக்கே எடுத்தது. வயது நாற்பது. பெங்களூரோ எல்லைக்கோடு குறுகிய, சுழற்பந்து வீச்சாளருக்கு இரக்கம் காட்டாத மைதானம். இனி இவர் எழமாட்டார் என்றே பலர் கணித்திருப்பர். ஆனால் அந்தப் பருவத்தில் 10 ஆட்டங்களில் 15 விக்கெட்டுகளை அவர் வீழ்த்தினார். மிகக் குறைந்த விலைக்குப் போன இடத்திலேதான் ஆட்டத்துக்கு ஒன்றரை என்ற மிகச் சிறந்த விளைச்சல் கிடைத்தது.

இவ்வேற்றத் தாழ்வுக்குக் காரணம் என்ன? கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

முதற் கேள்வி: அவருக்கு இடம் கிடைக்குமா? இந்தியன் பிரீமியர் லீக்கில் களம் இறங்கும் பதினொருவரில் வெளிநாட்டவர் நால்வருக்கு மேல் இருத்தலாகாது. ஆகவே இலங்கை வீரர் ஒருவர் பந்துவீச்சாளரோடு மாத்திரம் போட்டியிடவில்லை. தம் அணியிலுள்ள வெளிநாட்டுத் துடுப்பாட்ட வீரர்களோடும் போட்டியிடுகிறார். கொச்சியில் மகேல ஜயவர்தன, பிரெண்டன் மெக்கலம், பிராட் ஹொட்ஜ் முதலிய வெளிநாட்டவர் இருந்தனர். சுழற்பந்துக்கோ ரவீந்திர ஜடேஜா, ரமேஷ் பவார் ஆகிய இந்தியர் இருந்தனர். பெங்களூரிலே நிலைமை நேர்மாறாயிற்று. அணித் தலைவர் டானியல் வெட்டோரி தாமும் ஒரு சுழற்பந்து வீச்சாளராயிருந்தும், பல ஆட்டங்களில் தாமே ஒதுங்கி, முரளிதரனுக்கு இடம்விட்டார். தலைமையை விராட் கோலி ஏற்றார். தலைவரே எழுந்து நாற்காலி கொடுத்த அணி அது.

இரண்டாம் கேள்வி: இடம் கிடைத்தால் எவ்வளவு வேலை கொடுப்பார்கள்? இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு பந்துவீச்சாளருக்கு மிஞ்சிப் போனால் நான்கு ஓவர்கள், அதாவது 24 பந்துகள். அந்நான்கும் முழுதாகக் கிடைக்குமா, எந்தக் கட்டத்தில் கிடைக்கும் என்பதே புள்ளிகளின் ஊற்று. அமெரிக்க உதைபந்தாட்ட இரசிகர்கள் பந்தை ஓடிப் பிடிக்கும் வீரரை மதிப்பிடும்போது, அவரை நோக்கி ஓர் ஆட்டத்தில் எத்தனை தடவை பந்து எறியப்படுகிறது என்பதையும், எறிபவர் யார் என்பதையும் பார்ப்பார்கள். எவ்வளவு வேகமாக ஓடினாலும், தம்மை நோக்கி எறியப்படாத பந்தை அவர் பிடிக்க முடியாதன்றோ?

மூன்றாம் கேள்வி: அவருடைய உடல் எந்நிலையில் இருக்கிறது? 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் முரளிதரன் காயங்களோடு ஆடினார். அது ஏப்ரல் 2ஆம் நாள். அந்த ஆண்டின் லீக் ஆட்டங்கள் ஏப்ரல் 8ஆம் நாளே தொடங்கிவிட்டன. முந்திய ஆண்டுகளின் கணக்கை மட்டும் பார்த்தவர் கண்ணுக்கு இது தெரிந்திராது.

நான்காம் கேள்வி: மைதானம் எது? இதை விளக்க வனிந்து ஹசரங்கவின் கதை உதவும். பெங்களூர் அணியில் யுஸ்வேந்திர சாஹல் விட்டுச் சென்ற இடத்துக்கு 2022இல் அவர் 10 கோடியே 75 இலட்சம் இந்திய ரூபாய்க்கு வந்தார். இடம் காலியாயிருந்தது, வேலை முழுதாகக் கிடைத்தது, 16 ஆட்டங்களில் 26 விக்கெட்டுகள். இராஜஸ்தான் அணிக்குச் சென்ற சாஹலுக்கும் அங்கே முழு வேலை கிடைத்தது. அவர் 27 விக்கெட்டுகள் வீழ்த்தி முதல்வரானார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கொரோனா காரணமாக அந்த ஆண்டின் லீக் சுற்று முழுவதும் மும்பாயிலும் பூனாவிலுமே நடந்தது. பெங்களூரின் குறுகிய மைதானத்தில் ஹசரங்க பந்துவீச நேரவில்லை. 2023இல் அணிகள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பின. ஹசரங்க 8 ஆட்டங்களில் 9 விக்கெட்டுகளே எடுத்தார். மைதானம் ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், அதைக் கேளாமல் விட்டவர் கணக்கில் ஒரு பகுதி விடுபட்டுப் போயிற்று.

இந்நான்கு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்பும், ஓர் எச்சரிக்கை தேவை. இரண்டு மூன்று ஆட்டங்களை வைத்து முடிவு கட்டுதல் கூடாது. கொச்சியின் ஐந்து ஆட்டங்களைக் கொண்டு முரளிதரனின் காலம் முடிந்தது என்று தீர்த்தவர், பெங்களூரின் பதினைந்து விக்கெட்டுகளை இழந்தார். சிறிய கணக்கு பெரிய பொய்யைச் சொல்லும்.

ஆதலால், அணி மாறிய வீரரை முதல் ஆட்டங்களிலே சற்றுப் பொறுத்துப் பார்ப்பது நலம். பதினொருவர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா, தலைவர் அவரை எப்பொழுது அழைக்கிறார், நான்கு ஓவர்களும் கொடுக்கிறாரா என்று பாருங்கள். விக்கெட்டு விழவில்லை யென்றாலும் முழு வேலை கிடைக்கிறதாயின், அவரைச் சேர்க்கலாம். விக்கெட்டு விழுந்தும், ஓர் ஓவரோடு நிறுத்தப்படுகிறாராயின், ஐயப்படுக. பணம் கட்டும் ஆட்டமாயின், அதை விட்டு விலகுங்கள். எவ்வளவு கூர்மையான கணக்கும் அடுத்த பந்தை முன்கூட்டிச் சொல்லமாட்டாது.

இறுதியாக ஒன்று. நம் மண்ணில் பிறந்தவர், நம்மவர் என்ற பற்று இயல்பானதே. அப்பற்றை ஆரவாரத்தில் வைத்துக்கொள்வோம், கணக்கில் வேண்டாம். அன்றியும், அவர் புதிய அணியில் குறைவாகச் செய்யும்பொழுது, திறமை போயிற்று என்று ஏசுவதற்கு முன்னால், அவருக்கு எந்த மலை கொடுக்கப்பட்டது என்று கேட்போம். மாலை நிறுவையில் கூடையின் கனத்தை மட்டுமே பார்த்து ஏச்சுக் கேட்டவர்களுக்கு, அக்கேள்வியின் நியாயம் தெரியாமலா போகும்?