பொறாமை: சொல்லும் கூலியும்

பண்டைக் கிரேக்கர் பிறர் பேறு கண்டு புழுங்குதலை ‘ஃப்தோனொஸ்’ என்றும், அதனைத் தாமும் எய்த முனைதலை ‘ஸேலொஸ்’ என்றும் வேறுபடுத்தினர். இவை நிகரானவர்மீதே எழும் என்பார் அரிஸ்ரோட்டில். எபிரேயத்தின் ‘கின்ஆ’ இறைவனின் வைராக்கியத்தையும் மனிதரின் பொறாமையையும் ஒருங்கே சுட்டும்.

மத்தேயு 20ஆம் அதிகார உவமை ஈண்டு நோக்கத்தக்கது. நாள் முழுதும் உழைத்தோர்க்கும் ஒரு மணி நேரமே உழைத்தோர்க்கும் ஒரே கூலி. முறையிட்டவனை நோக்கி, உன் கண் கெட்டதோ என வினவுகிறார் திராட்சைத் தோட்ட உடைமையாளர். தமிழ் விவிலியம் இதனை ‘வன்கண்ணன்’ எனப் பெயர்த்தது. கண்ணூறு கழிக்கும் வழக்கறிந்த கல்குடா வாசகருக்கோ கிரேக்க மூலமே எளிதிற் புலனாகும். ஆயினும் கண்ணூறு அயலவர்மீது கொள்ளும் அச்சம். உவமையிலோ அச்சொல் உடைமையாளர் வாயிலிருந்து கூலியாள்மீது பாய்கிறது. கூலி பற்றிய வினா மனக்குற்றமாகிவிடுகிறது. இறையருளையே உவமை பேசுகிறது என்பர், அது மறுப்பதற்கில்லை. பிந்தி வந்தோரும் எவரும் வேலைக்கு அழைக்காமையாற் சந்தைவெளியில் நின்றவர்களே. முறையிட்டவன் அதனைக் காணவில்லை என்பதும் மெய்யே.