செத்தது சாவி இல்ல, பேட்டரிதான்

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு ரூபாய் நாணயம் அளவுல இருக்கிற ஒரு பொருளைப் பத்தி. கார் ரிமோட் சாவிக்குள்ள இருக்கிற பேட்டரி.

போன மாசம் அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தேன். முடிஞ்சு பேஸ்மென்ட் பார்க்கிங்குக்கு வரும்போது ராத்திரி ஒன்பதரை. ரிமோட்டை அமுக்கறேன், கார்கிட்ட இருந்து ஒரு சத்தமும் இல்ல. அம்மாவுக்கு முட்டி வலி, உட்கார இடமும் கிடையாது. தெரிஞ்ச மெக்கானிக்குக்கு ஃபோன் பண்ணினா, "சாவியையே மாத்தணும் சார், ரெண்டு நாள் ஆகும்"ங்கறார். பக்கத்துல நின்ன வாட்ச்மேன் அண்ணன்தான் காப்பாத்தினார். "சாவிக்குள்ள சாவி இருக்கும் தம்பி, பாருப்பா."

இருந்துச்சு! ஓரத்துல ஒரு சின்னக் கொக்கி. அதைத் தள்ளி இழுத்தா உலோகச் சாவி தனியா வந்துடுச்சு. மூணு வருஷமா அந்த கார் ஓட்டறேன், எனக்கு இது தெரியாது. கதவைத் திறந்தேன், அலாரம் அலறுச்சு. அலறட்டும், காருக்குள்ள ஏறிட்டோம்ல.

சரி, புஷ் பட்டன் வண்டியாச்சே, ஸ்டார்ட் ஆகுமா? ஆகும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு, ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டன்மேல ஒட்டினாப்ல வச்சு அமுக்கணும். மெட்ரோ கார்டை நினைச்சுக்கோங்க. அதுக்குள்ள பேட்டரி இல்ல, ஆனாலும் கேட்ல வச்சதும் வேலை செய்யுது. கேட்தான் அதுக்குக் கரன்ட் கொடுக்குது. சாவிக்குள்ளயும் அதே மாதிரி ஒரு சிப் இருக்கு. தூரத்துல இருந்து கதவைத் திறக்கத்தான் பேட்டரி வேணும். 'இது நம்ம சாவிதான்'னு வண்டி அடையாளம் கண்டுக்கறதுக்கு வேண்டாம். சில மாடல்கள்ல சாவியை வைக்கிற இடம் கியர் பக்கத்துலயோ கப் ஹோல்டர்லயோ இருக்கும். மேனுவலை இன்னைக்கே ஒரு தடவை புரட்டிடுங்க.

பேட்டரி மாத்தறது அஞ்சு நிமிஷ வேலை. உலோகச் சாவியை உருவின இடத்துல பெரும்பாலும் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். துணி சுத்தின தட்டை ஸ்க்ரூடிரைவரை அதுல விட்டு மெதுவா திருப்பினா மூடி பிளக்கும். உடனே ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க, பிளஸ் பக்கம் எந்தத் திசைன்னு அப்புறம் குழப்பம் வராது. பழைய மடக்குச் சாவியா இருந்தா கூடுதல் கவனம் வேணும். அதுல சிப் தனியா ஒரு குட்டிக் கறுப்புத் துண்டா இருக்கலாம். அது கீழே விழுந்து காணாமப்போனா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

பேட்டரியோட முதுகுல இருக்கிற எழுத்தைப் பார்த்து அதையே வாங்குங்க. சிஆர்2032ன்னா 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்2025க்கும் அதே 3 வோல்ட், அதே அகலம்தான், ஆனா தடிமன் 2.5. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்"னு கொடுப்பார். உள்ளே லூசா ஆடும், ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. விலை ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் கம்மி. பெரும்பாலான வண்டிகளுக்கு மறுபடி புரோகிராம் பண்ணவும் வேண்டாம்.

இவ்வளவுதான்னா இதுக்கு ஒரு எபிசோட் தேவையே இல்ல. வீட்டுக்கு வந்து பேட்டரியை மாத்திட்டு, பழசை டீப்பாய்மேல வச்சுட்டேன். அக்கா பையனுக்கு ஒன்றரை வயசு. அக்கா ஓடிவந்து அவன் கையில இருந்து பிடுங்கினப்போ அது வாய்கிட்ட போயிருந்துச்சு.

இந்த பேட்டரி தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில மாட்டினா, அங்க இருக்கிற ஈரம் வழியா கரன்ட் பாயும். அதனால காரம் உருவாகி சதையை அரிக்கும். ரெண்டே மணி நேரத்துல பெரிய காயம் ஆகிடலாம். ரிமோட்டை இயக்க முடியாத 'செத்த' பேட்டரிக்கும் இதைச் செய்ய சக்தி மிச்சம் இருக்கும். குழந்தை விழுங்கியிருக்கலாம்னு சந்தேகம் வந்தாலே 108. இல்லேன்னா நேரா எமர்ஜென்சி வார்டு. எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும். வாந்தி எடுக்க வைக்காதீங்க. ஒரு வயசு தாண்டின குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள்ளன்னா, போற வழியிலயே 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் 6 தடவை. அது அரிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். தேன் தேடறதுக்காகக் கிளம்பறதைத் தள்ளிப்போடக் கூடாது.

நான் இப்போ பேட்டரியைக் கழட்டின கையோட ரெண்டு பக்கமும் செல்லோடேப் ஒட்டி, அலமாரி மேல்தட்டுல இருக்கிற டப்பாவுல போட்டுடறேன். டப்பா நிறைஞ்சதும் இ-வேஸ்ட் எடுக்கிறவங்ககிட்ட போகும்.