வளர்ந்தோர்க்குத் துணை நிற்போர்

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே எல்லை விழுந்தது. எல்லைக்கு அப்பால் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அப்பகுதியில் பிறந்தவன் நான். அறிவு வளர்ச்சியில் குறைபாடு உடைய வளர்ந்தோர்க்குத் துணை நிற்பவரின் தகுதி யாது, கடமை யாது என்பதை மாணவத் தோழர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

இரக்க நெஞ்சம் ஒன்றே போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி, சிறப்புக் கல்வி ஆசிரியர், தொழிற்பயிற்சியாளர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் உரிய படிப்பை முடித்துப் பதிவு பெறுதல் வேண்டும். பதிவின்றித் தொழில் செய்வோர்க்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. சிறப்புக் கல்விப் பட்டயம் பெற ஈராண்டுகள் பயில வேண்டும்.

கேரளத்தில் இப்பணி ஊராட்சியின் வாயிலாகவே நடைபெறுகிறது. 2004-இல் திருவனந்தபுரம் மாவட்டத்து வெங்ஙானூரில் முதல் 'பட்ஸ்' பள்ளி தொடங்கிற்று. இன்று குடும்பஸ்ரீயின் துணையோடு ஊராட்சிகள் இவற்றை நடத்துகின்றன. பள்ளி சிறுவர்க்கு, பதினெட்டு வயது கடந்தோர்க்கு மறுவாழ்வு மையம்.

அங்கே பணியாற்றுவோரின் முதற் கடமை, வந்திருப்பவர் வளர்ந்தவர் என்பதை மறவாமை. முப்பது வயது ஆடவரைக் குழந்தையே என்று கொஞ்சுவது அன்பு ஆகாது. அவரைப் பற்றி அவர் தாயிடம் கேட்குமுன் அவரிடமே கேட்டல் வேண்டும். சட்டைப் பொத்தானை நாம் மாட்டிவிட ஒரு நிமிடம் போதும். அவரே மாட்டக் கற்பிக்க ஒரு மாதம் ஆகலாம். அந்த ஒரு மாதத்தைப் பொறுமையோடு அளிப்பவரே தொழில் அறிந்தவர். காசு எண்ணுதல், பேருந்தில் செல்லுதல், கைத்தொழில் ஆகிய அனைத்தையும் இவ்வாறே படிப்படியாகப் பயிற்ற வேண்டும்.

சட்ட அறிவும் வேண்டும். பதினெட்டு வயதுக்குப் பின் பெற்றோர் தாமாகவே சட்டக் காப்பாளர் ஆவதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரை உறுப்பினராகக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்தல் வேண்டும். இதனைப் பெற்றோர்க்கு எடுத்துரைப்பதும் பணியாளர் கடமையே.

எங்கள் எல்லையூர்களில் மேலும் ஒரு தகுதி தேவை. அது மொழி. தமிழ் வீட்டில் வளர்ந்த ஒருவர் "வலிக்குது" என்கிறார். மலையாளத்தில் வலித்தல் என்றால் இழுத்தல். நோவைச் சொல்ல அவர் அறிந்தது அந்த ஒரு சொல்லே. அது புரியாவிடில் அவர் அழுவார், கையை ஓங்குவார். முரடர் என்று ஏட்டில் எழுதப்படும். பல்வலியோ காதுவலியோ மருந்தின்றிக் கிடக்கும்! அவர் இன்னொரு மொழி கற்பது அரிது. பணியாளர் கற்பது எளிது. யார் கற்க வேண்டும் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

தோழர்களே! மருத்துவம், பொறியியல் என்றே நம் கனவுகள் ஓடுகின்றன. இரு மொழியும் அறிந்த நம்மில் சிலரேனும் இப்பட்டயத்தைப் பெற்று எல்லையூர்களுக்குச் செல்வோமாயின், முதுமை எய்திய தாய்மார் பலர் நிம்மதியாக உறங்குவர்.