கால் வழுக்கினால் கைக்குச் சேதம்

கார்த்திகை, மார்கழி மாதங்களில் கொங்கு நாட்டின் விடியற்பொழுது ஈரமாகவே இருக்கும். மழையால் வாசற்கல்லிலும் கிணற்றடியிலும் படர்ந்த பாசி காய்வதற்குள் பனியும் இறங்கிவிடுகிறது. இருள் பிரியுமுன் பால் கறக்கத் தொழுவத்துக்குச் செல்வோரும், தண்ணீர் பாய்ச்ச வரப்பின்மேல் நடப்போரும், சாயமிட்ட நூலை உலர்த்தச் சுமந்து செல்வோரும் வழுக்கி விழ ஏதுவான காலம் இது. விழுகிறவர் தம்மை அறியாமலே கையை முன்னே ஊன்றுகிறார். வழுக்கியது கால், அடிபடுவதோ கை.

மாதச் சம்பளம் பெறுவோர் சில நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். நெசவாளருக்கோ நெய்த அளவுக்குத்தான் கூலி. மூன்று வாரம் கை ஓய்ந்தால் மூன்று வாரக் கூலி இல்லை. ஆகவே, "வெறும் சுளுக்குத்தான்" என்று துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளே தறிக்குழியில் இறங்கிவிடுகிறார்கள். சங்கங்களை ஆய்வு செய்யுமிடங்களில், கொடுத்த பாவு துணியாகி வரத் தாமதம் ஏன் என்று வினவினால், "கை கொஞ்சம் சரியில்லைங்க" என்ற விடையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தக் 'கொஞ்சம்' பின்னர் பெருநஷ்டமாகாமல் காப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தறியில் கை செய்யும் வேலையை எண்ணிப் பாருங்கள். ஒரு கை நாடாவை ஓட்டக் கயிற்றை இழுக்கிறது; மறு கை பலகையைத் தள்ளி ஊடையை நெருக்குகிறது. பவானி ஜமுக்காளம் போன்ற கனத்த துணிக்கு மணிக்கட்டின் வலு முழுவதும் வேண்டும். அறுந்த இழையை முடியவோ கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுட்பமாகச் சேரவேண்டும். பால் கறப்பதற்கும் அரிவாள் பிடிப்பதற்கும் அதே பிடிதான் தேவை. இப்பிடி தளர்ந்தால் கைத்தொழிலே தளர்ந்துவிடும்.

சுளுக்கா, முறிவா?

கையூன்றி விழும்போது மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கை எலும்பு முறிவதுண்டு. அயர்லாந்து நாட்டு மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டதோ 1895-இல்தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவதால் சாதாரண வீழ்ச்சியிலேயே இம்முறிவு நேரலாம். தார் சுற்றும் நம் தாய்மார்கள் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

இன்னொரு முறிவு ஏமாற்றக் கூடியது. கட்டைவிரலை நன்கு விரித்தால் அதன் அடியில் ஒரு பள்ளம் தோன்றும். விழுந்தபின் அவ்விடத்தை அழுத்தினால் வலித்தால், உள்ளிருக்கும் படகு வடிவச் சிற்றெலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்-ரேயில் இது தெரியாமலும் போகும். ஆதலால் வலி நீடித்தால் பத்துப் பதினான்கு நாட்களில் மறுபடியும் படமெடுக்கச் சொல்லுவார்கள், தவறாமல் செல்லவேண்டும். இவ்வெலும்பு சேராமற் போனால் மணிக்கட்டு நாளடைவில் தேய்ந்து, வலி நிலைத்துவிடும்.

உடனே செய்யவேண்டியவை

வீக்கம் ஏறுமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். சிராய்ப்பைச் சுத்தமான நீராலும் சோப்பாலும் கழுவுங்கள். சாணமோ மண்ணோ பட்ட காயமானால் டெட்டனஸ் தடுப்பூசி வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் ஒற்றியெடுக்கலாம். கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வையுங்கள். எண்ணெய் தடவி நீவுவதும், இழுத்துச் சொடக்குவதும் கூடாது. கை கோணியிருந்தாலும், விரல் மரத்தாலும், மடக்க முடியாவிட்டாலும், வலி தணியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குச் செல்வதில் தாமதம் வேண்டாம்.

கட்டுப் போடுவோரிடம் செல்லும் வழக்கம் நம் பக்கத்தில் நெடுங்காலமாக உண்டு. முறிவு எங்கே, எப்படி என்பதை எக்ஸ்-ரேயில் பார்க்காமல் எவரும் கட்டுவது தகாது என்பதே நம் அபிப்பிராயம். மூங்கில் பட்டையானாலும் மாவுக்கட்டானாலும், இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்படும். விரல் நீலம் பாரித்தல், குளிர்தல், மரத்தல், வலி மேன்மேலும் மிகுதல் ஆகியவை அபாயக் குறிகள். அவை தோன்றினால் விடியும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரியில் கட்டைத் தளர்த்தச் செய்யவேண்டும். தாமதித்தால் தசை மடிந்து கை நிரந்தரமாக மடங்கிவிடவும் கூடும்.

கை திரும்பத் தொழிலுக்கு வர

ஆலைகளும் பட்டறைகளும் நிறைந்த கோவையில் கைக்காயங்களுக்குப் பஞ்சமில்லை. 1978-இல் தொடங்கிய கங்கா மருத்துவமனை கை அறுவைச் சிகிச்சையில் உலகறிந்த இடமாக வளர்ந்திருக்கிறது. அதற்கு முன்பே, 1946-இல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவையால் நிமிர்த்தினார். அதனுடன் பயிற்சியும் தொழிலும் அளித்தார். அறுவையும் கட்டும் பாதி வேலையே. பயிற்சி மறுபாதி என்பது அதிலிருந்து நாம் பெறும் பாடம்.

மாவுக்கட்டு ஏறத்தாழ ஆறு வாரம் இருக்கலாம். அக்காலத்தில் கட்டுக்கு வெளியேயுள்ள விரல்கள், முழங்கை, தோள் ஆகியவற்றை, மருத்துவர் தடுத்தாலன்றி, அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். கட்டு அவிழ்த்தபின் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து மெல்ல மடக்கி நீட்டலாம். மென்மையான துணியைச் சுருட்டிப் பிடித்துப் பழகலாம். தறியில் முதலில் அரைமணி நேரம், பின்னர் ஒரு மணி நேரம் என்று படிப்படியாக ஏறுவது நலம்.

சங்கத்தின் கடமை

அங்கத்தினர் ஓய்வெடுக்க வேண்டுமானால், ஓய்வெடுக்க வழியும் வேண்டும். நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டக் கணக்கில் தம் பெயரில் உள்ள தொகை எவ்வளவு, அதில் முன்பணம் பெற விதி யாது என்பவற்றை ஒவ்வொருவரும் செயலாளரிடம் இப்போதே கேட்டறிதல் நன்று. 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டில் உள்ளதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நிர்வாகக் குழுவினர், காயமுற்றவரின் பாவுக்குத் தவணை நீட்டலாம். அவர் இசைந்தால் தறியிலுள்ள மிச்சப் பாவை உறவினரோ அண்டை வீட்டாரோ நெய்து முடிக்க அனுமதிக்கலாம். பால் சங்கத்தில் கறவைக்குப் பக்கத்து வீட்டார் முறை வைத்து உதவுவதும் கடினமன்று. இவற்றை அடுத்த குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அதற்குள் ஒவ்வொரு வீட்டாரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வாசற்கல்லின் பாசியைத் தேங்காய் நார் கொண்டு தேய்த்து, சுண்ணாம்புத் தூள் தூவி, தொழுவத்து வழியில் ஒரு விளக்கு வைத்துவிட்டால், இக்கட்டுரையில் கூறிய சிகிச்சைகளில் பெரும்பாலானவை தேவைப்படாமலே போகலாம்.