மொட்டை மாடியில் நுண்ணலை: ஹாம் வானொலிக்கு ஆயத்தக் கருவிகள்

ஹாம் என்று பரவலாக அழைக்கப்படும் அமெச்சூர் வானொலியில் 144 மெகாஹெர்ட்ஸ், 434 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளுக்குக் கருவி தேடி அலைய வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும் வாக்கி-டாக்கி முதல் மேசைமேல் வைக்கும் பெரிய செட் வரை பல நிறுவனங்கள் செய்து விற்கின்றன. ஆயிரம் மெகாஹெர்ட்ஸைத் தாண்டி ஜிகாஹெர்ட்ஸ் எல்லைக்குள் நுழைந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. பெட்டியைப் பிரித்து, ஆன்டெனாவை மாட்டிப் பேசத் தொடங்கும்படி ஹாம்களுக்கென்றே செய்த முழுக் கருவிகள் அங்கே விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

ஆனால் அதே அலைவரிசைகளை ஒட்டி இயங்கும் வீட்டுச் சாமான்கள் கோடிக்கணக்கில் தயாராகின்றன. டி.டி.எச். டிஷ், அதன் முனையில் இருக்கும் எல்.என்.பி. என்ற அலைவாங்கி, வைஃபை ரவுட்டர், கணினியில் செருகும் டிவி டாங்கிள் எல்லாமே அந்த வகை. எதை ஹாம் நிறுவனத்திடம் வாங்க வேண்டும், எதைக் கடைத்தெருவிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று பிரித்தறிந்தால், சென்னையை அடுத்த செம்பரம்பாக்கத்தில் ஒரு சாதாரண வீட்டு மொட்டை மாடியிலேயே நுண்ணலை நிலையம் அமைக்க முடியும்.

முழு செட் ஏன் அரிது?

வாங்குவோர் குறைவு என்பது முதல் காரணம். அதைவிட முக்கியமானவை இரண்டு தொழில்நுட்பச் சிக்கல்கள்.

ஒன்று, கேபிளில் ஏற்படும் இழப்பு. ஹாம்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஆர்.ஜி.-58 என்ற மெல்லிய கேபிளில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபெல் இழக்கிறது. கீழறையிலிருந்து மாடி ஆன்டெனாவுக்குப் பத்து மீட்டர் கேபிள் இழுத்தால் புறப்பட்ட சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் மேலே போய்ச் சேரும். தடிமனான எல்.எம்.ஆர்.-400 கேபிளில் அதே தூரத்துக்கு அறுபது சதவீதம் மிஞ்சும். ஆகவே நுண்ணலையில் செட்டையே ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கிறது.

மற்றொன்று, அலைவரிசையின் நிலைப்பு. பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை 145 மெகாஹெர்ட்ஸில் வெறும் 145 ஹெர்ட்ஸ். பேச்சுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அதே விகிதப் பிழை 10 ஜிகாஹெர்ட்ஸில் 10 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும். ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சின் அகலம் மூன்று கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவு என்பதால், எதிர்முனையில் இருப்பவர் சொன்ன இடத்தில் தேடினாலும் குரல் அகப்படாது. நல்ல படிக ஆஸிலேட்டரோ ஜி.பி.எஸ். துணையுடன் நிலைப்படுத்தும் ஏற்பாடோ கட்டாயம் தேவை. விலை ஏறுவது இங்கேதான்.

ஹாம் நிறுவனங்கள் தரும் கருவிகள்

ஜப்பானின் ஐகாம் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த ஐ.சி.-9700 செட், 144, 430 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளோடு 1200 மெகாஹெர்ட்ஸ் பட்டையிலும் இயங்கி, அதில் 10 வாட் தருகிறது. நுண்ணலையின் முதல் படிக்கட்டுக்கு இது போதும்.

அதே நிறுவனம் 2023-இல் விற்பனைக்கு விட்ட ஐ.சி.-905 இன்னும் மேலே போகிறது. 144, 430, 1200 மெகாஹெர்ட்ஸில் 10 வாட், 2400, 5600 மெகாஹெர்ட்ஸில் 2 வாட் கொடுக்கிறது. தனியாக விற்கும் துணைக் கருவியைச் சேர்த்தால் 10 ஜிகாஹெர்ட்ஸில் அரை வாட் கிடைக்கும். இதன் அலைவரிசையை ஜி.பி.எஸ். நிலைப்படுத்துகிறது. திரையும் குமிழ்களும் உள்ள பகுதி அறையில் இருக்கும். அலையை உண்டாக்கும் பகுதி ஆன்டெனா கம்பத்திலேயே ஏறிவிடும். இரண்டையும் இணைப்பது சாதாரண லேன் கேபிள். மின்சாரமும் அதிலேயே போகிறது. கேபிள் இழப்பு என்ற பிரச்சினை இதனால் பெருமளவு தீர்ந்துவிடுகிறது.

இத்தனை விலை கொடுக்க இயலாதவர்களுக்கு டிரான்ஸ்வெர்ட்டர் என்ற வழி உண்டு. கையில் இருக்கும் 144 அல்லது 432 மெகாஹெர்ட்ஸ் செட்டின் அலையை மேல் பட்டைக்கு ஏற்றி அனுப்பி, மேலிருந்து வருவதைக் கீழே இறக்கித் தரும் பெட்டி அது. ஜெர்மனியின் கூனே, பல்கேரியாவின் எஸ்.ஜி. லேப் போன்ற நிறுவனங்கள் இவற்றை ஆயத்தமாகச் செய்து தருகின்றன. வாங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டிரான்ஸ்வெர்ட்டர் எத்தனை வாட்டை உள்ளே தாங்கும், செட்டை எத்தனை வாட்டுக்குக் குறைக்க முடியும் என்பது. இரண்டும் பொருந்தாவிட்டால் பிரஸ்-டு-டாக் பொத்தானை அழுத்திய முதல் நொடியிலேயே உள்ளீட்டுப் பகுதி கருகிவிடும்.

மேற்கு வானத்தில் ஒரு ரிப்பீட்டர்

கடைத்தெருச் சாமான்களால் எட்டக்கூடிய முதல் இலக்கு ஒரு செயற்கைக்கோள். கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோள் 2018 நவம்பர் 15 அன்று ஏவப்பட்டது. அதில் ஹாம்களுக்கென்று, வாங்கிய அலையை வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் உள்ளன. 2019 பிப்ரவரியில் பயன்பாட்டுக்கு வந்த இவற்றுக்கு கியூ.ஓ.-100 என்று பெயர். புவிநிலைச் சுற்றுப்பாதையில் அமெச்சூர் வானொலிக்குக் கிடைத்த முதல் வசதி இதுவே. பிரேசில் முதல் தாய்லாந்து வரை இதன் வீச்சு பரவியிருக்கிறது. அன்டார்க்டிகாவில் உள்ள ஜெர்மனியின் நொய்மாயர் ஆய்வு நிலையமும் இதன் வழியே பேசுகிறது. தமிழ்நாடு முழுவதும் இந்த வீச்சுக்குள் அடங்கும்.

இந்தியாவின் ஹாம்சாட் செயற்கைக்கோள் 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு 2014 வரை பணியாற்றியது. அது தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்களுக்குள் பேசி முடிக்க வேண்டியிருந்தது. கியூ.ஓ.-100 நகராமல் ஒரே இடத்தில் நிற்பதால் இருபத்து நான்கு மணி நேரமும் கிடைக்கும்.

செம்பரம்பாக்கத்திலிருந்து பார்த்தால் அது நேர் மேற்கிலிருந்து ஒன்பது பாகை தெற்கே தள்ளி, அடிவானத்திலிருந்து 27 பாகை உயரத்தில் இருக்கிறது. மேற்கே உயர்ந்த கட்டடமோ தென்னையோ மறைக்காத மாடி வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளில் 93.5 பாகைக் கிழக்கில் உள்ள செயற்கைக்கோளை நோக்கும் டி.டி.எச். டிஷ்கள் தென்கிழக்கே ஏறக்குறைய 68 பாகை உயரத்தை அண்ணாந்து பார்க்கும். கியூ.ஓ.-100 டிஷ் மேற்கே திரும்பியிருக்கும். வழக்கமான ஆஃப்செட் டிஷ் என்றால் அதன் முகம் கிட்டத்தட்ட நிமிர்ந்தே நிற்கும்.

பேச்சுக்குரிய டிரான்ஸ்பாண்டரிலிருந்து கீழே வரும் அலை 10,489.5 முதல் 10,490 மெகாஹெர்ட்ஸ் வரை. டி.டி.எச். பட்டையின் தொடக்கம் 10,700 என்றாலும், சற்றுக் கீழே இருக்கும் இதையும் சாதாரண எல்.என்.பி. நன்றாகவே வாங்கிக்கொள்கிறது. லேபிளில் 9.75 / 10.6 ஜிகாஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். 10,489.5-இலிருந்து 9,750-ஐக் கழித்தால் 739.5 மெகாஹெர்ட்ஸ்; ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். என்ற மலிவான டிவி டாங்கிள் கேட்கும் எல்லைக்குள் அது வருகிறது. எல்.என்.பி.க்கு 13 வோல்ட் கொடுக்க பயஸ்-டீ என்ற சிறு இணைப்பு தனியாக வேண்டும். டாங்கிளில் உள்ளது ஐந்து வோல்ட்டைத் தாண்டாது. எல்.என்.பி., அலைவரிசையைப் படிகத்தால் நிலைப்படுத்தும் பி.எல்.எல். வகையாகவும் இருக்க வேண்டும். பழைய வகையை மாட்டினால் சென்னை வெயிலில் மாடி சூடேறச் சூடேற அலைவரிசை நகர்ந்துகொண்டே போகும்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. செயற்கைக்கோள் செங்குத்து முனைவாக்கத்தில் (அலை அதிரும் திசை) அனுப்பினாலும், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்துகொண்டு மேற்கே சாய்ந்து பார்ப்பதால் அந்த அலை இங்கே ஏறக்குறையக் கிடையாக வந்து சேர்கிறது. டிஷ்ஷின் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி எல்.என்.பி.யை வலப்புறமாக 74 பாகை அளவுக்குத் திருப்ப வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டிகளில் உள்ள சிறிய கோணத்தை அப்படியே வைத்தால் சிக்னல் மெலிந்து, டிஷ்ஷின் திசைதான் தவறோ என்ற சந்தேகம் வரும்.

மேலே அனுப்புவது

செயற்கைக்கோள் 2,400 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வலஞ்சுழி வட்ட முனைவாக்கத்தில் கேட்கிறது. டிஷ்ஷில் பட்டுத் திரும்பும்போது சுழற்சி மாறிவிடுவதால், டிஷ்ஷின் குவியத்தில் வைக்கும் ஃபீடை இடஞ்சுழியாக அமைக்க வேண்டும். பத்து ஜிகாஹெர்ட்ஸை வாங்கி 2.4-ஐ அனுப்பும் இரட்டை ஃபீட்கள் ஆயத்தமாகவே விற்கப்படுகின்றன. அனாலாக் டிவைசஸ் நிறுவனத்தின் அடால்ம்-புளூட்டோ என்ற சிறு மென்பொருள் வானொலிப் பெட்டி சில மில்லிவாட் மட்டும் தரும்; 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைச் சேர்த்து அதை ஐந்து வாட்டுக்கு ஏற்றினால் 75 சென்டிமீட்டர் டிஷ்ஷில் பேச முடியும்.

பேசும்போதே தன் குரல் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அது கால் நொடி தாமதமாக வரும். செயற்கைக்கோள் வழியே எப்போதும் வரும் பீக்கன் என்ற அடையாள சிக்னலைவிடத் தன் சிக்னல் பலமாக இருக்கக் கூடாது. மீறினால் லைலா என்ற கண்காணிப்பு ஏற்பாடு அந்த இடத்தில் எச்சரிக்கை ஒலியை எழுப்பும். ஒருவர் சக்தியைக் கூட்டினால் மற்ற எல்லோருடைய குரலும் அமுங்கும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு அவசியமானது.

தரைவழி இணைப்புக்கு ரவுட்டர்

ஆயத்தமாகக் கிடைப்பவற்றில் மிக மலிவானது 5.8 ஜிகாஹெர்ட்ஸ் வெளிப்புற வைஃபை ரவுட்டர். யுபிகுவிட்டி, மைக்ரோடிக் நிறுவனங்களின் சில மாதிரிகளில் ஏ.ஆர்.இ.டி.என். என்ற ஹாம் மென்பொருளை ஏற்றி, பேரிடர்க் காலத்துக்கான தரவு வலைப்பின்னலை அமெரிக்க ஹாம்கள் கட்டியிருக்கிறார்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து, சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைபேசியும் நாள்கணக்கில் நின்றதை நினைத்தால், பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடும் இத்தகைய இணைப்பின் மதிப்பு விளங்கும்.

இதற்குப் பார்வைக்கோடு தேவை. செம்பரம்பாக்கத்துக்கும் பரங்கிமலைக்கும் இடையே சுமார் 15 கிலோமீட்டர். அந்தத் தூரத்தின் நடுவில் 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுற்றிலும் 14 மீட்டர் ஆரமுள்ள வெளி வேண்டும். அதில் அறுபது சதவீதமாவது தடையின்றி இருக்க வேண்டும். இரு பக்கமும் சாதாரண மாடிகள் என்றால் நடுவிலுள்ள மரங்களும் கட்டடங்களும் அதை அடைத்துவிடும். ஒரு முனை மலையின் உயரத்தில் இருந்தால் வழி கிடைக்கும்.

உரிமமும் வாங்கும் முறையும்

அலை அனுப்புவதற்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் உரிமம் கட்டாயம். தேர்வில் தேறிய பொதுத் தரத்தாருக்கு வி.யூ.2 என்றும், வரையறுக்கப்பட்ட தரத்தாருக்கு வி.யூ.3 என்றும் அழைப்புக்குறி தொடங்கும். உரிம அட்டவணையில் 1260–1300, 5725–5840 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் வழக்கமாக இடம்பெறுபவை. ஆனால் ஒதுக்கீடுகள் மாறக்கூடியவை. 2022-இல் 3300–3670 மெகாஹெர்ட்ஸ் 5ஜி சேவைக்கு ஏலம் விடப்பட்டது. எந்தக் கருவிக்கும் பணம் கட்டுமுன் தம் தரத்துக்கு அந்தப் பட்டையும் சக்தியும் உண்டா என்று நடப்பு விதிகளில் பார்த்துவிட வேண்டும்.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் உரிமம் தேவைப்படாத வைஃபை பட்டைதானே என்ற வாதம் இங்கே செல்லாது. அந்தச் சலுகை ஆன்டெனா ஆதாயத்தையும் சேர்த்து 4 வாட் வரைதான். ஐந்து வாட்டை 75 சென்டிமீட்டர் டிஷ்ஷில் குவித்தால் அது ஆயிரம் வாட்டுக்குச் சமமாகிறது. உரிமத்தில் இடம் இல்லாதவர் அனுப்பும் பகுதியை வாங்கவே கூடாது.

வெளிநாட்டிலிருந்து செட் தருவிப்பவர் டபிள்யூ.பி.சி. அனுமதி, சுங்க நடைமுறை இரண்டையும் முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கருவி துறைமுகத்தில் தேங்கிய பிறகு ஓடுவதில் பயனில்லை. டிஷ், கேபிள், கனெக்டர், பவர் சப்ளை ஆகியவற்றை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே தேடலாம். இரண்டாம் கைக் கருவி என்றால், ஆன்டெனாவுக்குப் பதிலாக இணைக்கும் டம்மி லோடில் மாட்டி, நுண்ணலைப் பட்டையில் சொன்ன வாட் வருகிறதா, அரை மணி நேரத்தில் அலைவரிசை எவ்வளவு நகர்கிறது என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும். வெளியில் நிற்கும் ஒவ்வொரு கனெக்டரையும் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்ற வேண்டும்; வடகிழக்குப் பருவமழையில் கேபிளுக்குள் ஒரு முறை தண்ணீர் இறங்கினால் அந்தக் கேபிளை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

புதிதாகத் தொடங்குபவருக்கு வரிசை இதுதான்: முதலில் டிஷ், எல்.என்.பி., டாங்கிள் வைத்துக் கேட்பது, அடுத்து உரிமம், பிறகு அனுப்பும் பகுதி. கேட்கும்போதே டிஷ்ஷைக் குறிபார்ப்பது, முனைவாக்கம், அலைவரிசை நகர்வு எல்லாம் கைக்குப் பழகிவிடும். அதன்பின் விலையுயர்ந்த செட் எதை வாங்கினாலும் அதன் முழுப் பலனும் கிடைக்கும்.