கிளம்பாத டோசரும் நிற்காத செயினும்

1950களில் விற்ற புல்டோசர்கள் இன்றும் மண் தள்ளிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்க, கனடா நாட்டுப்புறங்களில் டி2, டி4, டி7 என்று எண் தாங்கிய பழைய கேட்டர்பில்லர் வண்டிகளை ஏலத்தில் எடுத்து, மாதக்கணக்கில் மல்லுக்கட்டி ஓட வைப்பவர்கள் நிறையப் பேர். குளம் வெட்ட, பண்ணைப் பாதையில் பனி ஒதுக்க, மரத்தை வேரோடு சாய்க்க அவை தாராளமாகப் போதும். இவற்றில் கணினி இல்லை. கோளாறு எண்ணைத் திரையில் காட்டும் வசதியும் இல்லை. புகையின் நிறம், லிவரின் இறுக்கம், வடித்த ஆயிலில் கிடக்கும் துகள் இவைதான் சாட்சி. அவற்றைப் படிக்கத் தெரியாதவர் கையில் பழைய டோசர் பணத்தைத் தின்னும். சில நேரம் ஆளையும்.

முதலில் கிளம்பாத கதை. அந்தக் காலத்து கேட்டர்பில்லரில் பெரிய டீசல் இன்ஜினைச் சுற்றிவிட, பக்கத்திலேயே இரண்டு சிலிண்டர் கொண்ட சின்ன பெட்ரோல் இன்ஜின் ஒன்று இருக்கும். 'போனி' என்பது அதன் செல்லப்பெயர். முதலில் அதைக் கையால் சுற்றிக் கிளப்ப வேண்டும். அதன் தண்ணீரும் பெரிய இன்ஜினின் தண்ணீரும் ஒன்றே. அதன் புகைக்குழாய் பெரிய இன்ஜின் இழுக்கும் காற்றைச் சூடாக்கியபடி வெளியேறும். கம்ப்ரஷனை விடுவிக்கும் லிவரைப் போட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை டீசல் இன்ஜினைச் சும்மா சுற்றவிட்டு, சூடேறிய பிறகு லிவரை மாற்றி டீசலைத் திறந்தால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். குளிர் எவ்வளவு பெரிய எதிரி என்பதற்கு 1942இல் வெட்டிய அலாஸ்கா நெடுஞ்சாலையே சான்று. 2,400 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட அந்தப் பாதையில், கடுங்குளிர் வந்ததும் இரவெல்லாம் இன்ஜினை அணைக்காமல் ஓடவிட்டார்கள். அணைத்தால் காலையில் கிளம்பாது.

டீசல் இன்ஜின் எடுக்கவில்லை என்று நாசில்களைக் கழற்றி அனுப்புகிறவர்கள் முதலில் போனியைப் பார்க்க வேண்டும். மேக்னெட்டோ சோர்ந்திருக்கலாம், கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்திருக்கலாம். போனியே மூச்சு வாங்கினால் பெரியதை எப்படிச் சுற்றும்? அதன் ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பது மிக முக்கியம். ஆயில் மட்டம் கூடியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால், கார்புரேட்டர் மிதவை மூடாமல் பெட்ரோல் கீழே கசிந்திருக்கிறது. அந்த நிலையில் கிளப்பினால் வெடிக்கலாம். அதனால்தான் போனியை நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் வற்றும்வரை ஓடவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம்.

இன்டர்நேஷனல் நிறுவனத்தின் டிடி வரிசை டோசர்களில் வழி வேறு. ஒரே இன்ஜின் பெட்ரோலில் கிளம்பிச் சூடேறி டீசலுக்கு மாறும். பெட்ரோலில் நன்றாக ஓடி, மாற்றியவுடன் அணைந்தால், பெட்ரோல் ஓட்டத்துக்கென்றே உள்ள கூடுதல் வால்வு சரியாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

புகை பொய் சொல்லாது. இன்ஜின் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை: டேங்க் அடியில் வண்டல், அடைத்த ஃபில்டர், ஏர் லாக். வெள்ளைப் புகை வந்தும் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. குளிரோ, குறைந்த கம்ப்ரஷனோ, மெதுவாகச் சுற்றும் செல்ஃபோ காரணம். பின்னாளில் வந்த 24 வோல்ட் செல்ஃப் வண்டிகளில் மெதுவான சுற்றலுக்குப் பேட்டரியைத் திட்டுவது எல்லோருக்கும் சுலபம். செல்ஃப் சுற்றும்போது கேபிளின் இரு முனைக்கும் நடுவே மீட்டரை வைத்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும் கேபிள்தான் திருடன். எர்த் வயரில் துரு ஏறியதற்கு இரண்டு புதுப் பேட்டரி வாங்கியவர்கள் உண்டு.

இனி ஓடாத கதை. இன்ஜினின் பலம் மாஸ்டர் கிளட்ச், கியர் பாக்ஸ், பெவல் கியர் வழியாக வந்து, அங்கிருந்து இடம், வலம் என்று பிரிந்து, ஒவ்வொரு பக்கமும் ஸ்டீயரிங் கிளட்ச், ஃபைனல் டிரைவ் தாண்டிச் செயினை அடைகிறது. பாதி நோயை இந்த வரைபடமே சொல்லிவிடும். இரண்டு செயினும் நகரவில்லை என்றால் கோளாறு பெவல் கியரிலோ அதற்கு முன்னாலோ. ஒன்று மட்டும் என்றால் அந்தப் பக்கத்தில். மாஸ்டர் கிளட்ச் லிவரைத் தள்ளும்போது 'டக்' என்று தாண்டி விழ வேண்டும். வழுவழுவென்று போனால் கிளட்ச் வழுக்குகிறது. அட்ஜஸ்ட்மென்ட் வளையத்தைக் கொஞ்சம் முடுக்கினால் சரியாகிற இடத்தில் கியர் பாக்ஸையே இறக்கச் சொல்லும் பட்டறைகளும் இருக்கின்றன.

ஸ்டீயரிங் கிளட்ச்சுக்கு நேரெதிரான இரண்டு நோய்கள். பெவல் கியர் ஆயில் சீல் போனால் தட்டுகளில் எண்ணெய் ஏறி வழுக்கும். பாரம் தள்ளும்போது வண்டி அந்தப் பக்கமாகவே இழுக்கும். பல ஆண்டு மழையில் கிடந்தால் தட்டுகள் துருவில் ஒட்டிக்கொள்ளும்; லிவரை இழுத்து பிரேக்கை மிதித்தாலும் வண்டி திரும்பாது, இன்ஜின் முனகும். அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்தால் வருவது எண்ணெயா, தண்ணீரா என்பதிலேயே விடை கிடைக்கும். அதற்கும் முன்பு லிவரில் தளர்வு இருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்க வேண்டும். தளர்வே இல்லாவிட்டால் நல்ல கிளட்ச்சும் வழுக்கும். ஒட்டிய தட்டுகளை, லிவரை இழுத்துக் கட்டிவைத்து வண்டியைப் பாரத்தோடு முன்னும் பின்னும் ஓட்டியே பிரித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயில் அழுத்தத்தால் கியர் மாறும் பவர்ஷிஃப்ட் வண்டி என்றால் அதன் ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்ப்பதுதான் வழி: வெண்கலத் தூள் தட்டுகளிலிருந்து, அலுமினியம் டார்க் கன்வெர்ட்டரிலிருந்து, காந்தத்தில் ஒட்டும் இரும்பு கியரிலிருந்தோ பேரிங்கிலிருந்தோ.

இவ்வளவும் அறிந்தவர்களே செய்யும் ஒரு காரியம்தான் கவலை தருகிறது. சாவி போட்டு எடுக்காத வண்டியில், தரையிலோ செயின் மேலோ நின்று, செல்ஃபின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்துக் கிளப்புகிறார்கள். கியரில் இருந்தால் கிளம்பாமல் தடுக்கும் நியூட்ரல் ஸ்விட்ச்சை அந்த இரும்புத் துண்டு தாண்டிவிடுகிறது. பழைய வண்டியில் கியர் லிவரின் இணைப்புகள் தேய்ந்திருக்கும். லிவர் நியூட்ரலில் நிற்க, கியர் பாக்ஸ் உள்ளே பிடித்திருக்கும். மாஸ்டர் கிளட்ச் துருப்பிடித்திருந்தால் லிவரை விடுவித்தாலும் பிரியாது. தள்ளிப்போட்ட கியர் கோளாறு, செல்ஃப் கோளாறைப் பார்க்க வந்தவரை அங்கே கொல்கிறது. பல டன் கனக்கும் இயந்திரம் நடை வேகத்தில்தான் ஊர்கிறது, ஆனால் செயினின் பல் பூட்ஸைக் கவ்விய பிறகு வேகம் ஒரு பொருட்டே இல்லை. ஓட்டுநர் இருக்கையும் காலி. நிறுத்த ஆளில்லை.

காட்டு நடுவில் மீட்டருக்கு எங்கே போவது, ஐம்பது வருடமாக இப்படித்தானே கிளப்புகிறோம் என்பார்கள் சில மூத்த மெக்கானிக்குகள். ஐம்பது வருடம் தப்பித்தவர்தான் அதைச் சொல்ல முடியும். ஸ்க்ரூடிரைவர் தரும் பதிலை மீட்டரும் தரும். இருக்கையில் ஒருவர் அமர்ந்து சாவியைத் திருப்ப, செல்ஃபின் சாலினாய்டில் உள்ள சின்ன முனைக்கு 24 வோல்ட் வந்தால் செல்ஃப் பக்கம்தான் பழுது. வராவிட்டால் ஸ்விட்ச், வயர், நியூட்ரல் பக்கம் தேட வேண்டும். கிளம்ப மறுக்கும் இன்ஜினின் காற்றுக்குழாயில் அடிக்கும் ஈதர் ஸ்ப்ரேயும் இதே அவசரத்தின் பிள்ளை. குளோ பிளக் சூடாக இருக்கும் இன்ஜினில் அதை அடித்தால் காற்றுக்குழாயிலேயே வெடிக்கலாம். பிஸ்டன் ரிங்கும் உடையலாம்.

நம் ஊர்க் கல்குவாரியில் பழைய டோசர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். வண்டியை வாங்கியதும் பெயின்ட் அடிக்கும் பணத்தை முதலில் நியூட்ரல் ஸ்விட்ச்சுக்கும் கியர் லிவர் இணைப்புகளுக்கும் செலவழியுங்கள். பிளேடைத் தரையில் இறக்கி, கிளட்ச்சை விடுவித்து, இருக்கையில் அமர்ந்து மட்டுமே கிளப்புங்கள். அப்படிக் கிளம்பாத வண்டியைச் சரிசெய்யும்வரை தொடாதீர்கள்.