நைல் நதியில் கப்பற் பயணமா?

கப்பலில் போவதென்றால் நடக்கத் தேவையில்லை என்று எண்ணிவிடாதீர்கள், சகோதரிகளே! எகிப்தில் லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே செல்லும் சுற்றுலாக் கப்பல்களில் உறக்கமும் உணவும்தான். பழைய கோயில்களைக் கரையிறங்கியே பார்க்க வேண்டும்.

துறையில் பல கப்பல்களை அருகருகே கட்டிவிடுவார்கள். பக்கத்துக் கப்பல்களுக்கூடாக நடந்துதான் கரையை அடையலாம். ஆகவே முழங்கால் வருத்தம் உள்ளவர்கள், பணம் செலுத்துமுன் மின்தூக்கி உண்டா, படிகள் எத்தனை என்று பயண முகவரிடம் கேளுங்கள்.

அபூ சிம்பல் அஸ்வானிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீற்றர். விடியுமுன்பே புறப்பட வேண்டும். கட்டணத்தில் அது அடங்குமா என்பதையும் விசாரியுங்கள். என்னுடன் வந்த அம்மா அன்று கப்பலிலேயே தங்கிவிட்டார். ஆற்றங்கரையிலேயே இருக்கும் கொம் ஒம்போ கோயிலை மட்டும் ஆறுதலாகச் சுற்றிப் பார்த்தார். அதுவே அவருக்குப் போதுமாயிருந்தது.

கரையிறங்கும்போது கப்பலின் பெயரையும் திரும்ப வேண்டிய நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கப்பல்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். குளிசைகள் கைப்பையில் இருக்கட்டும். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், ஊழியர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கச் சில்லறை ஆகியனவும் தேவை. ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை வெயில் சற்றுக் குறைவு.

எல்லாவற்றையும் பார்த்தே தீரவேண்டும் என்றில்லை. உடம்பு இடங்கொடுக்குமளவு பார்த்தாலே பயணம் இனிக்கும்.